சொந்த லைவ் ஐஎஸ்ஓ: க்யூபிக்கா, லைவ்-பில்டா?

கணினியில் நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓடும் லைவ் லினக்ஸ் ஒன்றைச் சொந்தமாகச் செய்ய, க்யூபிக், லைவ்-பில்ட் என்ற இரண்டு கருவிகளில் எதை எடுப்பது என்று குழம்புகிறவர்களுக்கு.

தொடக்கம்: க்யூபிக், ஏற்கெனவே இருக்கும் உபுண்டு ஐஎஸ்ஓவை (முழு சிஸ்டமும் அடங்கிய ஒரே கோப்பு) பிரித்து உள்ளே கட்டளை அடிக்க ஒரு டெர்மினலைத் திறந்து தரும், வேண்டியதை நிறுவி வேண்டாததை நீக்கினால் போதும். டெபியனின் லைவ்-பில்ட் அடியிலிருந்து கட்டும், பேக்கேஜ்களை (மென்பொருள் தொகுப்புகளை) இறக்க முதல் முறை பொறுமை வேண்டும்.

எளிமை: க்யூபிக்தான், சந்தேகமே இல்லை.

மறுபடி செய்வது: இங்கேதான் லைவ்-பில்ட் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பேக்கேஜ் பட்டியல், ஹூக் (கட்டும்போது தானாக ஓடும் சிறு ஸ்கிரிப்ட்) எல்லாமே சாதாரண டெக்ஸ்ட் கோப்புகள், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) கருவியில் போட்டு வைத்தால் ஆறு மாதம் கழித்தும் எதை மாற்றினோம் என்று தெரியும். க்யூபிக்கிலோ டெர்மினலில் அடித்ததை நாமே குறித்து வைக்க வேண்டும்.

சரி, ஒரே ஒரு பென்டிரைவுக்கு என்றால் க்யூபிக். அடிக்கடி புதுப்பிக்கப் போகிறீர்கள் என்றால் லைவ்-பில்ட். எதுவானாலும் முதலில் விர்ச்சுவல் மெஷினில் பூட் செய்து பாருங்கள்.