குரோம், ஆப்பிள், பிட்வார்டன், கீபாஸ்: பாஸ்வேர்டை எங்கே வைப்பது?

பாஸ்வேர்டை எங்கே வைப்பது என்று யாரும் உட்கார்ந்து யோசித்து முடிவெடுப்பதில்லை. 'சேமிக்கவா?' என்று திரை கேட்கும், நாமும் சரி என்று அழுத்திவிடுவோம். போன் மாற்றும் நாளில்தான் தேடல் ஆரம்பிக்கும்: பாதி கூகுள் கணக்கில், கொஞ்சம் சாம்சங் பாஸில், மிச்சம் ஆபீஸ் கணினியின் எட்ஜில். இவற்றை ஒரே இடத்துக்குக் கொண்டுவருவதற்கு முன் நான் கேட்கச் சொல்வது இரண்டே கேள்விகள். என்னிடம் உள்ள எல்லாக் கருவிகளிலும் இது கிடைக்குமா? என்னைத் தவிர வேறு யார் இதைத் திறக்க முடியும்?

முதல் கேள்வியில் கூகுள் பாஸ்வேர்டு மேனேஜர் நன்றாகவே தேறும். ஆண்ட்ராய்டு போனும் குரோமும் போதும் என்பவர்களுக்கு இதைவிட எளிதான வழி இல்லை. பாஸ்வேர்ட்ஸ்.கூகுள்.காம் என்ற முகவரிக்குப் போனால் சேமித்த எல்லாம் வரிசையாக இருக்கும். அங்கேயே உள்ள பரிசோதனை, கசிந்தவை, பல தளங்களில் ஒன்றையே போட்டவை, பலவீனமானவை எனப் பிரித்துக் காட்டும்.

இரண்டாவது கேள்விதான் இடறுகிறது. விண்டோஸுக்கே பாஸ்வேர்டு போடாத வீட்டுக் கணினியில், கண் படத்தை அழுத்தினால் குரோம் எதுவும் கேட்காமல் காட்டிவிடும். அப்புறம் கணினியில் புகுந்து பிரவுசர் பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போகும் திருட்டு மென்பொருள்கள். அவற்றைத் தடுக்க 2024-ல் குரோமின் 127-ஆம் பதிப்பில் கூகுள் புதிய பூட்டு ஒன்றைச் சேர்த்தது. அதைத் தாண்டும் வழியையும் சில மாதங்களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது பிரவுசிங் சென்டர். தேர்வுக்கு விண்ணப்பிக்கப் போகிறோம், ஓடிபி பார்க்க ஜிமெயிலைத் திறக்கிறோம். அப்போது குரோம் கேட்கும் 'சிங்க்'குக்குச் சரி சொல்லிவிட்டால் நம் பாஸ்வேர்டுகள் அந்தக் கணினியில் இறங்கிவிடும். பிறகு போனிலிருந்து அந்தக் கருவியை வெளியேற்றினாலும், இறங்கியவை அங்கேயே தங்கியிருக்கலாம். வங்கி, மெயில் பாஸ்வேர்டுகளை அன்றே மாற்றிவிடுங்கள். வெளிக் கணினி என்றால், மூடியதும் உள்நுழைவை மறந்துவிடும் இன்காக்னிடோ ஜன்னலில் மட்டும் திறங்கள்.

ஃபயர்ஃபாக்ஸில் தனியாக ஒரு முதன்மைப் பாஸ்வேர்டு போட்டு எல்லாவற்றையும் பூட்டலாம். குரோமில் இது இல்லை. பலர் கை வைக்கும் கணினிக்கு இந்த ஒன்றுக்காகவே ஃபயர்ஃபாக்ஸ் மேல்.

ஆப்பிள் 2024-ல் ஐஓஎஸ் 18-உடன் பாஸ்வேர்டுகளுக்குத் தனிச் செயலியே கொண்டுவந்தது. ஐபோன், மேக் வைத்திருப்பவர்களுக்கு வேறெதுவும் தேவையில்லை. மின்கட்டணக் கணக்கு, ஓடிடி போன்றவற்றைக் குடும்பத்தோடு பகிர்ந்துகொள்ளவும் முடியும். விண்டோஸுக்கு ஐகிளவுட் மென்பொருள் உண்டு, ஆண்ட்ராய்டுக்குச் செயலி இல்லை. வீட்டில் ஒருவர் கையில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால் இந்த வழி அவரோடு நின்றுவிடும்.

கையில் ஆண்ட்ராய்டு, ஆபீஸில் விண்டோஸ், வீட்டில் ஐபேட் என்று கலந்து இருப்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது பிட்வார்டன் என்ற தனிப் பாஸ்வேர்டு செயலி. இலவசக் கணக்கிலேயே எத்தனை பாஸ்வேர்டும் வைக்கலாம், எத்தனை கருவியிலும் திறக்கலாம். நம் கருவியிலேயே பூட்டிய பிறகுதான் அவர்களுடைய சர்வருக்குப் போகிறது. அதனால் அவர்களாலும் படிக்க முடியாது. அதே காரணத்தால், முதன்மைப் பாஸ்வேர்டை மறந்தால் மீட்டுத் தரவும் முடியாது. அதை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் பீரோவில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் நமக்கு நாமே அனுப்பி வைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

'சர்வரையே திருடினால்?' என்று கேட்கலாம். பிட்வார்டனைப் போலவே பாஸ்வேர்டு சேமித்து வைக்கும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் 2022-ல் அதுதான் நடந்தது: வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டுகள் இருந்த பெட்டகங்களின் பிரதிகள் திருடு போயின. பாஸ்வேர்டுகள் பூட்டியபடியே இருந்தன, தள முகவரிகள் பூட்டப்படாமல் இருந்தன. பூட்டிய பெட்டகத்தைத் திருடன் தன் கணினியில் வைத்துக்கொண்டு எத்தனை தடவை வேண்டுமானாலும் முயலலாம் என்பதால், முதன்மைப் பாஸ்வேர்டு சின்னதாக இருந்தவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களை ஒட்டி வைத்தால் நீளமும் கிடைக்கும், மனதிலும் நிற்கும்.

சர்வரே வேண்டாம் என்பவர்களுக்கு கீபாஸ் என்ற மென்பொருள். 2003-லிருந்து இருக்கிறது. எல்லாம் பூட்டிய ஒரே கோப்பில். கணினியில் கீபாஸ்எக்ஸ்சி, ஆண்ட்ராய்டில் கீபாஸ்டிஎக்ஸ் என்ற செயலிகள் அதைத் திறக்கும். கோப்பை இரண்டு இடத்துக்கும் கொண்டுபோவதும் நகல் எடுப்பதும் நம் வேலை. போனில் ஒன்றும் கணினியில் ஒன்றுமாகத் திருத்திவிட்டால் எது புதியது என்று குழம்ப வேண்டும். நகல் எடுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டுமே இதைச் சொல்வேன். அப்பா அம்மாவின் போனில் கூகுளையே விட்டுவைத்து, திரைப்பூட்டும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் போட்டுக் கொடுத்தால் போதும்.

எதற்கு மாறினாலும் ஒன்றில் கவனம் வேண்டும். குரோமிலிருந்து ஏற்றுமதி செய்தால் ஒரு சிஎஸ்வி கோப்பு வரும். எக்செல்லில் திறந்து பாருங்கள்: தளம், பயனர் பெயர், பாஸ்வேர்டு எல்லாம் பூட்டே இல்லாமல் பத்தி பத்தியாகத் தெரியும். புதிய இடத்தில் ஏற்றியதும் அதை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டர் கூகுள் டிரைவில் தானாக ஏறுகிறது என்றால் அங்கேயும் அழித்துவிட்டு, குரோமில் 'பாஸ்வேர்டைச் சேமிக்கக் கேள்' என்பதை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த வாரமே புதியவை இரண்டு இடத்தில் சேர ஆரம்பித்துவிடும்.