வீல் நட் இண்டிகேட்டர்: மலையக லொறிக்கு வாங்கலாமா?

விரல் நீளம்கூட இல்லாத மஞ்சள் பிளாஸ்டிக் துண்டு. ஒரு பக்கம் வளையம், மறுபக்கம் கூர். வீல் நட்டின் மேல் வைத்து அழுத்தினால் கவ்விக்கொள்ளும். நட் திரும்பினால் கூரும் சேர்ந்து திரும்பும். நட் தளர்வதைக் கண்ணுக்குக் காட்டிவிடும். சரக்கு இவ்வளவுதான். வாங்கலாம். ஆனால் எல்ஃப், கென்டர் போன்ற ஜப்பான் லொறி வைத்திருப்பவர்கள் இதை முழுதாக வாசித்துவிட்டு வாங்குங்கள், அந்த லொறிகளின் பின் சில்லில் இது பாதி வேலைதான் செய்யும்.

நட் தளர்ந்தால் சில்லே கழன்று ஓடும். பெரிய லொறிகளின் 10.00-20 அளவு டயர் ஒன்று ரிம்மோடு சேர்ந்தால் 100 கிலோ அளவில் வரும். கழன்ற சில்லுக்கு பிரேக் கிடையாது, லொறி போன வேகத்திலேயே ஓடும். அதிவேகப் பாதையில் நடுத்தடுப்பைத் தாண்டி எதிர்ப்பக்க வாகனத்தில் விழும். நம் பக்கத்தில் கீழ் முடக்கில் ஏறிவரும் ஓட்டோவிலோ, சரிவில் இருக்கும் லயக் கூரையிலோ விழும். பண்டாரவளையில் மரக்கறி ஏற்றி வெல்லவாய இறங்கி, மத்தலையில் தெற்கு அதிவேகப் பாதையைப் பிடிக்கும் லொறிக்கு ஒரே ஓட்டத்தில் இரண்டும் உண்டு.

மாட்டும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முதலில் நட்டை டோர்க் ஸ்பானரால், அதாவது முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானரால், சரியான அளவுக்கு இறுக்க வேண்டும். M22 ஸ்டட் (நட் ஏறும் 22 மில்லிமீற்றர் போல்ட்) பத்து உள்ள சில்லுக்குப் பொதுவாக 550 முதல் 700 நியூட்டன் மீற்றர். உங்கள் லொறியின் கைநூல் சொல்லும் அளவே முடிவானது. 600 என்றால் ஒரு மீற்றர் கம்பியின் நுனியில் அறுபது கிலோ தொங்குகிற பாரம். எயார் கன்னால் தடதடவென்று அடித்துவிட்டுப் போனால் எவ்வளவு ஏறியது என்று யாருக்கும் தெரியாது. கூடிப்போனால் ஸ்டட் இழுபட்டுவிடும். இறுக்கிய பிறகே இண்டிகேட்டர். பக்கத்து நட்டின் கூரும் இதன் கூரும் முகத்துக்கு முகம் பார்க்கும்படி சோடி சோடியாக மாட்டுங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சோடி பிரிவது டோர்ச் வெளிச்சத்தில்கூடத் தெரியும். தேநீர்க் கடையில் நிறுத்தும்போது கிளீனர் ஒரு சுற்று நடந்தால் போதும்.

50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் மறுபடி டோர்க் பார்க்க வேண்டும். நுவரெலியாவில் சில்லு மாட்டினால் கண்டியில், சூடு ஆறிய பிறகு. ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவில் தடித்த பெயின்ட் இருந்தால் அது நசுங்கி, நட் ஒரு நூல்கூடத் திரும்பாமலே பிடி தளர்ந்துவிடும். அப்போது கூர் அசையாது. இண்டிகேட்டர் காட்டுவது திரும்பலை, இறுக்கத்தை அல்ல. நட்டைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருந்தால் கூர் நேராக நின்றாலும் நம்பாதீர்கள்.

இனி எல்ஃப், கென்டர் விஷயம். பழைய ஜப்பான் முறையில் பின் இரட்டைச் சில்லுக்கு இரண்டு நட். உள்சில்லை ஒரு நட் பிடிக்கும், அதன் மேலேயே வெளிநட் ஏறி வெளிச்சில்லைப் பிடிக்கும். வெளிநட் 41 மில்லிமீற்றர். நடுவில் எட்டிப்பார்க்கும் 21 மில்லிமீற்றர் சதுரத் தலைதான் உள்நட். இண்டிகேட்டர் கவ்வுவது வெளிநட்டை மட்டும். உள்நட் தளர்ந்து உள்சில்லு ஆடினாலும் மஞ்சள் கூர் சாதுவாக நிற்கும். இதற்கு பெயின்ட் மார்க்கர்தான் மருந்து: சதுரத் தலையில் தொடங்கி, வெளிநட் மேலாக, ரிம் வரை ஒரே கோடு. கோடு முறிந்தால் எது திரும்பியது என்று அங்கேயே தெரியும். இறுக்கும்போது ஆறு வெளிநட்டில் ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்றை மட்டும் தளர்த்தி, அந்த மூன்று உள்நட்டை இறுக்கி, வெளிநட்டைத் திரும்ப இறுக்கிவிட்டு மற்ற மூன்றுக்குப் போக வேண்டும். வெளிநட்டை மட்டும் இறுக்கினால் உள்நட் அப்படியேதான் இருக்கும்.

இந்த லொறிகளின் இடப்பக்க நட்டுகள் இடப்புரி, வழக்கத்துக்கு எதிர்த்திசையில் இறுகும். ஸ்டட் நுனியில் 'எல்' எழுத்து இருக்கும். அங்கே தளரும் நட் கடிகார முள் திசையில் நகரும், கிளீனருக்கு இதைச் சொல்லிவையுங்கள். ஜப்பானில் பெரிய லொறிகள் 2010க்குப் பின் எல்லாப் பக்கமும் வலப்புரிக்கு மாறின. அங்கே அதிகம் கழல்வது இடப்பக்கப் பின்சில்லு. இடப்பக்க முடக்கில் அந்தச் சில்லு நின்ற இடத்திலேயே முறுகித் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது.

சூட்டில் இன்னொரு பயன் உண்டு. றம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்கிய பின் ஒரு சில்லின் கூர்கள் மட்டும் உருகி வளைந்திருந்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அல்லது பெயாரிங் போகிறது. எல்லாச் சில்லிலும் உருகினால் சரக்கே மட்டம். வாங்கியதும் ஒன்றைக் கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டுப் பாருங்கள், குழைந்தால் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

கூர் திரும்பியிருந்தால் அதைக் கையால் நேராக்கிவிட்டுப் போவதுதான் இந்தச் சாமானின் பெரிய ஆபத்து, அதைச் செய்கிறவர்கள் நிறைய. கழற்றி, டோர்க் பார்த்து, பக்கத்து ஸ்டட்களையும் பார்த்த பிறகே திரும்ப மாட்ட வேண்டும்.

இரண்டு அச்சு என்றால் சில்லுக்கு ஆறு நட் உள்ள லொறிக்கு 24, பத்து நட் டிப்பருக்கு 40. டயர் மாற்றும் இடத்தில் ஒன்றிரண்டு காணாமல் போகும், நான்கு கூடுதலாக எடுங்கள். நட்டின் தட்டை முகங்களுக்கு இடையே அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். 32க்கும் 33க்கும் ஒரு மில்லிமீற்றர்தான் வித்தியாசம், ஆனால் பெரியது சின்ன நட்டில் நிற்காது.