டீசல் ஸ்விஃப்டும் சுசுகியின் பங்காளிகளும்: பதினேழு ஆண்டு அனுபவம்

அப்பா 1999-இல் வாங்கிய மாருதி 800-இன் ஆர்.சி. புத்தகத்தில் தயாரிப்பாளர் பெயர் 'மாருதி உத்யோக்' என்றும், நான் 2008-இல் வாங்கிய டீசல் ஸ்விஃப்டின் புத்தகத்தில் 'மாருதி சுசுகி இந்தியா' என்றும் இருக்கின்றன. 1982-இல் 26 சதவீதப் பங்குடன் வந்த சுசுகி, 1992-இல் பாதிக்கும் 2002-இல் பாதிக்கு மேலும் உரிமை பெற்று, 2007-இல் மத்திய அரசு தன் கடைசிப் பங்குகளையும் விற்று விலகிய கதை அந்த இரண்டு பெயர்களுக்கு நடுவில் இருக்கிறது.

1909-இல் ஜப்பானின் ஹமாமட்சுவில் மிச்சியோ சுசுகி தொடங்கியது தறி செய்யும் பட்டறை. முதல் கார் 1955-இல்தான் வந்தது. நெசவுக்குப் பேர்போன கரூர்க்காரனான எனக்கு அந்தத் தறிக்கதையில் சற்றுக் கூடுதல் ஒட்டுதல் உண்டு.

பானெட்டைத் திறந்தால் தெரிவது இத்தாலிய நிறுவனமான ஃபியட்டின் உரிமம் பெற்றுச் செய்த 1,248 சிசி எஞ்சின். சுசுகியில் பங்கு வைத்திருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஃபியட்டோடும் கூட்டு வைத்திருந்த காலத்தில் உருவானது அது. ஏற்காட்டு வளைவுகளில் எஞ்சினை நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் கீழே இறங்கவிடாமல் இரண்டாம் கியரிலேயே ஏற்றினால், நான்கு பேரோடும் பெட்டிகளோடும் முனகாமல் ஏறும். நெடுஞ்சாலையில் இன்றும் லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் கிடைக்கிறது. 1,86,000 கிலோமீட்டரில் கிளட்ச் ஒருமுறை மாற்றினேன். மாற்றிய பணிமனைக்காரர் கியர் ஆயிலை ஊற்ற மறந்து அனுப்பியதும், குளித்தலை தாண்டுவதற்குள் எழுந்த ஊளைச் சத்தமும் தனிக்கதை.

நான் வண்டி வாங்கிய அதே ஆண்டின் இறுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் மிச்சப் பங்கையும் விற்றது. 2010-இல் ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் 19.9 சதவீதப் பங்குடன் உள்ளே வந்தது. சமபங்காளியாக இருக்கவே சுசுகியின் அப்போதைய தலைவர் ஒசாமு சுசுகி விரும்பினார். ஜெர்மானியர்களோ சுசுகியைத் தங்கள் செல்வாக்குக்கு உட்பட்ட நிறுவனமாகவே கருதினார்கள். ஹங்கேரி ஆலைக்கு ஃபியட்டிடம் டீசல் எஞ்சின் வாங்கியது ஒப்பந்த மீறல் என்று 2011-இல் வோக்ஸ்வாகன் குற்றஞ்சாட்டியபோது, வாசலில் நின்ற என் வண்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். நடுவர் மன்றத் தீர்ப்புக்குப் பின் 2015-இல் சுசுகி அப்பங்குகளைத் திரும்ப வாங்கிக்கொண்டது. 2019-இல் டொயோட்டா ஏறக்குறைய ஐந்து சதவீதம் வாங்கியது; சுசுகியும் டொயோட்டாவில் சிறு பங்கு எடுத்துக்கொண்டதால் இதில் ஆண்டான் அடிமைப் பேச்சு எழவில்லை என்பது என் கணிப்பு.

பங்காளிகள் இப்படி மாறியது ஓட்டுநர் இருக்கையில் ஒருநாளும் தெரிந்ததில்லை. 2020-இல் மாருதி டீசல் கார்களையே நிறுத்திய பிறகும், வடிகட்டியும் பிரேக் பேடும் கரூர்க் கடைகளில் கேட்ட அன்றே கிடைக்கின்றன. பதினைந்து ஆண்டு முடிந்து 2023-இல் ஆர்.சி.யைப் புதுப்பித்தபோது புத்தகத்துக்குப் பதில் அட்டை வந்தது. தயாரிப்பாளர் பெயர் மட்டும் மாறவில்லை.