ஒரே பைனாகுலர், இரண்டு பேர், ஆறு நாள் கடலோரம்

பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் பைனாகுலர்தான் வேண்டும் என்று கூட வந்தவர் ஒற்றைக்காலில் நின்றார். நான் பிடிவாதமாக 8×42, அதாவது 8 மடங்கு காட்டுவதை வாங்கினேன். முதல் நாளே பாறைமேல் நின்று டால்பின் தேடும்போது காற்றில் கை ஆடியது. 8 மடங்குக்கே இந்தப் பாடு, 10 என்றால் காட்சி இன்னும் குதித்திருக்கும். முன்கண்ணாடி 42 மி.மீ.; அதை 8ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 5.25 மி.மீ. விடியற்கருக்கலில் கழிமுகச் சேற்றில் ஓடிய உள்ளான் பறவைகளின் கால் நிறம்கூடத் தெரிந்ததற்கு அதுதான் காரணம். அவற்றைப் பார்க்கும்போது காரைவிட்டு இறங்கவே இல்லை, இறங்கினால் பறந்துவிடும். இன்ஜினை மட்டும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கதவில் ஊன்றிய கை அதிரும்.

அவர் மூக்குக்கண்ணாடி போடுபவர். கண் வைக்கும் பக்கத்து ரப்பர் வளையத்தை முழுக்க உள்ளே திருகினாலும் ஓரம் இருட்டடிக்கிறது என்று வழியெல்லாம் புலம்பல். நியாயமான புலம்பல்தான். கண்ணாடி போடுபவர்கள் ‘ஐ ரிலீஃப்’ (முழுக் காட்சியும் தெரிய கண்ணுக்கும் லென்ஸுக்கும் இடையே விடக்கூடிய தூரம்) 15 மி.மீ.க்குக் குறையாததாகப் பார்த்து வாங்குங்கள். கழுத்துப்பட்டை மட்டம், மூன்றாம் நாளே துண்டைச் சுற்றிக்கொண்டேன்.

உப்புச்சாரல் பட்ட லென்ஸை அப்படியே துடைத்தால் கீறல் விழும். இது நீர்புகாத வகை, அதனால் ஒவ்வொரு கடற்கரை ஊரிலும் அறைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத்தான் துடைத்தேன். அந்த வேலைக்கு மட்டும் அவர் ‘உன் பைனாகுலர்’ என்பார்.