வாடகைப் படத்தில் மிச்சம் 25 நிமிடம்

ஒரு வெள்ளிக்கிழமை இரவு 9.40க்கு ஒரு துப்பறியும் படத்தை வாடகைக்கு எடுத்துப் போட்டோம். இரண்டேகால் மணி நேரப் படம். ஒரு மணி நேரம் தாண்டியதுமே மகள் சோபாவில் சாய்ந்து தூங்கிவிட்டாள். சனிக்கிழமை யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. மிச்சத்தைப் பார்க்க ஞாயிறு இரவு 9.05க்கு உட்கார்ந்தோம். 9.50 வாக்கில் தம்பி போன் செய்தான். படத்தை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் பேசினேன். திரும்ப வந்து ப்ளே அழுத்தினால் படம் வரவில்லை. அதே போஸ்டர், அதே கதைச் சுருக்கம், அடியில் 'வாடகைக்கு எடுக்க' என்ற பொத்தான், பக்கத்தில் விலை.

“அம்மா, கொன்னது யாருன்னு சொல்லாமலே முடிச்சுட்டாங்களா?” என்றாள் மகள்.

வாடகைப் படங்களுக்குப் பெரும்பாலான சேவைகளில் இரண்டு கெடு உண்டு. பணம் கட்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் பார்க்கத் தொடங்கலாம். ப்ளே அழுத்திவிட்டால் 48 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். எங்களுடைய 48 மணி நேரம் ஞாயிறு 9.40க்கே தீர்ந்துவிட்டது. படம் ஓடிக்கொண்டிருந்த வரை ஆப் கண்டுகொள்ளவில்லை. நிறுத்தினதும் கதவைச் சாத்திவிட்டது.

கஸ்டமர் கேர் சாட்டில் போய்க் கேட்டேன். முதலில் வந்த ரோபோ, லாக்அவுட் செய்து மறுபடி லாக்இன் செய்யச் சொன்னது. பிறகு வந்த மனிதர், “மேடம், வாடகைக் காலம் முடிந்துவிட்டதால் எங்களால் எதுவும் செய்ய இயலாது” என்றார். கெடு நெருங்குகிறது என்று திரையில் ஒரு வரி காட்டியிருக்கலாமே என்றேன். என் கருத்தைச் சம்பந்தப்பட்ட குழுவுக்கு அனுப்புவதாகச் சொன்னார். அந்தக் குழுவுக்கு நான் அனுப்பிய கருத்துகளைச் சேர்த்தால் ஒரு புத்தகமே வரும்.

கடைசியில் 25 நிமிடத்துக்காக இன்னொரு முறை முழு வாடகை கட்டினோம். கொன்றது குடும்ப டாக்டர். முதல் அரை மணியிலேயே நான் சந்தேகப்பட்ட ஆள்தான்.

இந்தச் சேவையில் சந்தா கட்டத் தொடங்கி ஏழு வருடம் தாண்டிவிட்டது. பெயரைச் சொல்லப் போவதில்லை. படிக்கிறவர்கள் அவரவர் வைத்திருக்கும் ஆப்பைப் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம், பாதிக்கு மேல் பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன். மாதச் சந்தாவில் ஒரு பெரிய பட்டியல், அதில் இல்லாததைத் தனியாக வாடகைக்கு எடுக்கும் வசதி, இரண்டும் ஒரே ஆப்பில். நான் சேர்ந்ததற்கு இந்தக் கலவைதான் காரணம். ஒரு படத்தின் பெயரைத் தேடினால் ஏதோ ஒரு வழியில் அது கிடைக்கும். முதல் இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தது. பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள், அசல் மொழி ஒலியோடு வேற்று நாட்டுப் படங்கள், ஒரே இயக்குநரின் படங்களை வரிசையாகப் பார்ப்பது என்று எங்கள் வீட்டில் ஒரு பழக்கமே உருவானது. யார் சினிமா பற்றிக் கேட்டாலும் இதைச் சிபாரிசு செய்துகொண்டிருந்தேன். தம்பியைச் சேர்த்துவிட்டதும் நான்தான். அதற்கு அவன் இன்னும் என்னை விடவில்லை.

முதலில் கெட்டுப்போனது தேடல். பெயரை முழுதாக, எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தாலும் முதல் வரிசையில் 'இதைப் போன்றவை' என்று எட்டுப் படங்கள் வரும். கேட்ட படம் அவர்களிடம் இல்லை என்பதை நேராகச் சொல்வதே கிடையாது. கடையில் ஒரு பொருள் இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடுவார்கள், நாமும் அடுத்த கடைக்குப் போவோம். இங்கே எட்டுப் போஸ்டரையும் ஒவ்வொன்றாகத் தாண்டி, ரிமோட்டில் வலது பொத்தானைத் தேய்த்து, கடைசியில் நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது அந்தக் குட்டி மஞ்சள் முத்திரை. ஆரம்பத்தில் சந்தாவுக்குள் வரும் படங்கள் ஒரு பக்கம், வாடகைப் படங்கள் இன்னொரு பக்கம் என்று தனித்தனியாக இருந்தன. ஒரு அப்டேட்டில் இரண்டையும் கலந்துவிட்டார்கள். போஸ்டரின் மூலையில் அரிசி அளவுக்கு ஒரு மஞ்சள் பை இருந்தால் அது காசு கட்ட வேண்டிய படம். பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்க்கும் டிவியில் அது யார் கண்ணுக்குத் தெரியும்? வெள்ளிக்கிழமை இரவு அரை மணி நேரம் ஆளாளுக்குப் பேசி ஒரு படத்தை முடிவு செய்து, உள்ளே போனால் விலைப்பட்டியல் நிற்கும். அப்போது திரும்பி வந்து வேறு படம் தேடுகிற பொறுமை எத்தனை பேருக்கு இருக்கும்? எனக்கு இல்லை. கட்டிவிடுவேன். நான் கட்டுவேன் என்பது அவர்களுக்கும் தெரியும்.

வாட்ச்லிஸ்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பார்க்க வேண்டிய படங்களை நான் ஆப்பில் சேர்ப்பதோடு ஒரு நோட்டிலும் எழுதி வைப்பேன். பழைய வழக்கம். அதனால்தான் விஷயம் பிடிபட்டது. நான்காம் வருடம் ஒரு நாள் நோட்டையும் ஆப்பையும் ஒப்பிட்டேன். நோட்டில் 214 படங்கள். பார்த்து முடித்தவற்றைக் கழித்தால் ஆப்பில் 160 சொச்சம் இருக்க வேண்டும். இருந்தது 97. மீதி எப்போது போயின, ஏன் போயின என்று ஒரு தகவலும் இல்லை. பட்டியலில் ஓட்டை விழுந்த இடம் தெரியாமல் பக்கத்துப் போஸ்டர்கள் நகர்ந்து உட்கார்ந்துகொள்கின்றன. நோட்டு மட்டும் இல்லையென்றால், அந்தப் படங்களைப் பார்க்க ஆசைப்பட்டதையே மறந்திருப்பேன்.

இது ஏன் நடக்கிறது என்று படித்துப் பார்த்ததில் கோபம் பாதி குறைந்தது, மீதிப் பாதி கூடியது. டிவிடி காலத்தில் கடைக்காரர் தட்டைக் காசு கொடுத்து வாங்கிவிட்டால் அது அவருடைய சொத்து. அமெரிக்கச் சட்டத்தில் 'முதல் விற்பனை' என்று ஒரு கோட்பாடே உண்டு: வாங்கிய தட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ தயாரிப்பாளரிடம் தனியாக அனுமதி கேட்க வேண்டியதில்லை. நெட்ஃப்ளிக்ஸ் 1998இல் தபாலில் டிவிடி அனுப்பத் தொடங்கி அவ்வளவு பெரிய பட்டியலைச் சேர்க்க முடிந்ததும் இதனால்தான். இணையத்தில் ஓட்டுவதற்கு அந்த உரிமை செல்லாது. ஒவ்வொரு படத்துக்கும், ஒவ்வொரு நாட்டுக்கும், இத்தனை மாதம் என்று கெடு வைத்துத் தனித்தனியாக உரிமம் வாங்க வேண்டும். ஸ்டார்ஸ் என்ற அமெரிக்கக் கேபிள் டிவி நிறுவனத்தோடு இருந்த ஒப்பந்தம் 2012 பிப்ரவரி கடைசியில் முடிந்தபோது, நெட்ஃப்ளிக்ஸின் ஸ்ட்ரீமிங் பட்டியலிலிருந்து ஒரு பெரிய தொகுப்பு மொத்தமாகக் காணாமல் போனது. ஆக, படம் போவது என் சேவையின் வில்லத்தனம் இல்லை. ஆனால் போகப் போகிற தேதி அவர்கள் கையில் ஒப்பந்தமாக இருக்கிறது. அதை எனக்கு ஒரு மாதம் முன்பே சொல்ல என்ன தடை? சில சேவைகள் 'விரைவில் நீங்கும்' என்று போடுகின்றன. எங்களுடையதும் இப்போது போடுகிறது, ஆனால் படத்தின் பக்கத்துக்குள் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

நீங்கிய படம் இரண்டு வாரத்தில் மஞ்சள் பையோடு திரும்பி வரும்போதுதான் எரிச்சல் உச்சத்துக்குப் போகிறது.

அப்படியானால் 'வாங்கு' பொத்தானை அழுத்தினால் என்ன என்று ஒரு கட்டத்தில் யோசித்தேன். வாங்கியும் இருக்கிறேன், நான்கு படம். நிபந்தனைகளைப் படித்த பிறகு ஐந்தாவதை வாங்கவில்லை. வாங்குவது என்று அவர்கள் சொல்வதும் உரிமம்தான், வாடகையைவிட நீளமானது, அவ்வளவே. 2023 டிசம்பரில் பிளேஸ்டேஷன் என்ற கேம் கருவியில் காசு கொடுத்து வாங்கிய டிஸ்கவரி நிகழ்ச்சிகள் வாங்கியவர்களின் கணக்கிலிருந்து நீக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கினார்கள். கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், பறிபோகக்கூடிய டிஜிட்டல் பொருளை விற்கும்போது இது வெறும் உரிமம் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது.

படத்தின் தரம் பற்றியும் ஒரு வார்த்தை. 4கே என்று கூடுதல் வாடகை கொடுத்து எடுத்த படத்தை ஒரு முறை லேப்டாப் பிரவுசரில் போட்டேன். இருட்டில் நடக்கும் காட்சி ஒன்றில் சுவர் முழுக்கப் பட்டை பட்டையாக, மரத்தை அறுத்த வாக்கில் கோடுகள். கண்ணில்தான் கோளாறோ என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது: திருட்டுத் தடுப்புப் பூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஆப் தரத்தைத் தானாகக் குறைத்துவிடும். வைட்வைன் என்ற பூட்டில் மூன்று நிலைகள். மேல்நிலை இல்லாத கருவியில் பல சேவைகள் எச்டிகூடக் கொடுப்பதில்லை. டிவிக்குப் போகும் எச்டிஎம்ஐ கேபிள் வழியிலும் எச்டிசிபி 2.2 என்ற இன்னொரு பூட்டு இல்லையென்றால் 4கே வராது. இதெல்லாம் காசு வாங்கும் திரையில் சொல்ல வேண்டிய விஷயம். உதவிப் பக்கத்தின் அடியில் கிடக்கிறது. எல்லாம் சரியாக இருந்தாலும், 4கே ப்ளூ-ரே தட்டு விநாடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேல் கொடுக்க முடிகிற இடத்தில் ஸ்ட்ரீமிங் 15, 20 மெகாபிட்டில்தான் வண்டியை ஓட்டுகிறது. வெயிலில் எடுத்த காட்சிகளில் எனக்கு வித்தியாசம் தெரிவதில்லை. புகை, மழை, இருட்டு என்றால் உடனே தெரிகிறது.

விளம்பரம் வந்தது, சந்தாவும் ஏறியது. அதை நீட்டி எழுதப் போவதில்லை, எல்லோருக்கும் நடந்ததுதான். ஒன்றை மட்டும் சொல்கிறேன்: நடு வாக்கியத்தில் விளம்பரம் நுழைகிறது. பாத்திரம் வாயைத் திறந்தபடி நிற்கிறது.

சிபாரிசுகளின் கதை வேறு. நட்சத்திரம் கொடுத்துத் தரம் பிரிப்பது எனக்குப் பிடித்த வேலை, நூற்றுக்கணக்கில் கொடுத்திருக்கிறேன். ஒரு நாள் நட்சத்திரங்களை எடுத்துவிட்டுக் கட்டைவிரல் வைத்தார்கள். இதில் வழிகாட்டி நெட்ஃப்ளிக்ஸ்தான். பார்வையாளர் எத்தனை நட்சத்திரம் கொடுப்பார் என்று 10 சதவீதம் கூடுதல் துல்லியமாகக் கணித்துத் தந்தால் 10 லட்சம் டாலர் என்று 2006இல் போட்டி வைத்து, 2009இல் பரிசும் கொடுத்தார்கள். 2017இல் நட்சத்திரத்தையே தூக்கிவிட்டார்கள். என்னைப் பொறுத்தவரை விளைவு இதுதான்: மூன்று நட்சத்திரப் படமும் ஐந்து நட்சத்திரப் படமும் இப்போது ஒரே கட்டைவிரல். மகள் ஒரு கார்ட்டூனைப் பாதி பார்த்ததற்காக என் ப்ரொஃபைல் மூன்று மாதம் பென்குயின்களால் நிரம்பி வழிந்தது.

வாடிக்கையாளர் கோபத்தால் ஒரு பயனும் இல்லை என்று சொல்கிறவர்களும் உண்டு. அது பாதிதான் உண்மை. 2011 ஜூலையில் நெட்ஃப்ளிக்ஸ், டிவிடியும் ஸ்ட்ரீமிங்கும் சேர்ந்த 9.99 டாலர் திட்டத்தைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 7.99 என்றது. இரண்டும் வேண்டுமென்றால் 60 சதவீத ஏற்றம். செப்டம்பரில் டிவிடி வியாபாரத்தை க்விக்ஸ்டர் என்ற தனிப் பெயருக்கு மாற்றப்போவதாக அறிவித்தார்கள். இரண்டு தளம், இரண்டு கணக்கு, இரண்டு பட்டியல். அந்தக் காலாண்டில் மட்டும் அமெரிக்காவில் 8 லட்சம் பேர் வெளியேறினார்கள். அக்டோபரில் க்விக்ஸ்டர் கைவிடப்பட்டது. விலை மட்டும் இறங்கவில்லை. என் சேவையிலும் இதே கதைதான். தேடலில் மஞ்சள் முத்திரையைக் கொஞ்சம் பெரிதாக்கினார்கள், மற்றது எதுவும் மாறவில்லை.

நல்லதும் சொல்ல வேண்டும். சப்டைட்டில் எழுத்தின் அளவையும் பின்னணியையும் மாற்றும் வசதி முன்பைவிட நன்றாக இருக்கிறது, காது மந்தமான என் மாமியாருக்கு அது பெரிய உதவி. பஃபரிங் அநேகமாக ஒழிந்துவிட்டது. டிவியில் நிறுத்தியதை போனில் அதே விநாடியிலிருந்து தொடர முடிகிறது. பொறியாளர்கள் தங்கள் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

போன வருடம் சந்தாவை ரத்து செய்தேன். நான்கு திரை தாண்ட வேண்டியிருந்தது. முதலில் காரணம் கேட்டார்கள், அடுத்து மூன்று மாதத் தள்ளுபடி, அடுத்து 'நீங்கள் இழக்கப்போகும் படங்கள்' என்று ஒரு வரிசை. அந்த வரிசையில் இரண்டு படங்களில் மஞ்சள் பை இருந்தது. சிரித்துக்கொண்டே நான்காவது திரைக்குப் போனேன்.

“அக்கா, நீ திரும்பப் போவ பாரு” என்றான் தம்பி. போனேன்தான். ஆனால் வருடம் முழுக்க இல்லை. நோட்டில் பத்துப் படம் சேர்ந்ததும் ஒரு மாதம் கட்டுவேன், பார்த்து முடித்ததும் நிறுத்திவிடுவேன். வாடகைப் படம் எடுத்தால், ப்ளே அழுத்திய நேரத்தை நோட்டின் ஓரத்தில் குறித்து வைக்கிறேன். இந்த மாதம் திறந்திருக்கிறது. பத்தில் நான்கு பார்த்தாயிற்று. மிச்சம் ஆறில் ஒன்று வியாழக்கிழமை நீங்குகிறது, அதனால் இன்றைக்கு அதுதான்.