வாழைநார்க் கடதாசி: வாங்கமுதல் ஒரு துளி தண்ணி

குலை வெட்டினபிறகு நீர்வேலித் தோட்டங்களில் மிஞ்சுகிற வாழைமடலில் இருந்து கையால் செய்த கடதாசி இப்ப யாழ்ப்பாணத்தில் கிடைக்கிறது. வைக்கல் கலந்த தாளும் உண்டு. தனி வாழைநாரையே வாங்குங்கோ. வைக்கலின் நார் குட்டை, மடித்த இடத்தில் வெடிக்கும். வாழைத்தாளை அதே இடத்தில் பலதரம் மடித்தாலும் நீளநார் விடாமல் பிடிக்கும். அழைப்பிதழுக்கும் கொப்பி மட்டைக்கும் அருமை.

எழுதத்தான் கஷ்டம். மைப்பேனை வைத்த உடனே எழுத்தின் ஓரமெல்லாம் மயிர்மயிராக மை ஓடுகிறது. மை பரவாமல் இருக்கக் கூழில் கலக்கிற ரோசின் (பைன் மரப்பிசின்) பசை நாரில் சரியாகப் பிடிக்காததுதான் காரணமாக இருக்கும். எங்கட சுண்ணக்கல் கிணத்துத் தண்ணியிலுள்ள கல்சியம், சவர்க்காரமாகக் கரைத்துச் சேர்க்கிற ரோசினைத் திரளவைத்துவிடும். செய்யிறவை கடைசிக் கலக்கலுக்கு மழைத்தண்ணி பாவிக்கவேணும். வாங்கினவைக்கும் வழி உண்டு: ஒரு லீற்றர் சுடுதண்ணியில் 20 கிராம் ஜெலற்றின் கரைத்து, தூரிகையால் இரண்டு பக்கமும் பூசி, நிழலில் காயவிட்டால் மை நிற்கும்.

கடையில் ஒரு துளி தண்ணி விட்டுப் பாருங்கோ. உடனே உறிஞ்சினால் பசை இல்லை. நனைத்த மூலையில் மஞ்சள்தூள் தேய்த்துச் சிவந்தால் நார் அவிக்கப் போட்ட கோஸ்டிக் சோடா சரியாகக் கழுவப்படவில்லை. அந்தக் கட்டை எடுக்காதேங்கோ.