7,850 ரூபாய் போச்சு: உப்பின பாக்கெட்டைப் பிரிச்சிராதீங்க

மனசு ஆறலை, அதான் ராத்திரி உக்காந்து எழுதுறேன்.

தம்பி புனேக்குத் திரும்புறான். கொடுத்துவிட ஆட்டு உப்புக்கறி, காளான் தொக்கு, எண்ணெயில ஊறின பூண்டு எல்லாம் வாக்யூம் பாக்கெட், பாட்டில்னு அடைச்சு விக்கிற ஒரு ஆன்லைன் பக்கத்துல ஆர்டர் போட்டேன். 7,850 ரூபாய், முழுசும் முன்பணம்.

போன்ல பேசின அம்மா எடுத்த எடுப்புலயே, "ஆச்சி, நீங்க எந்தக் கோயில்?"னாங்க. எங்க நகரத்தார்ல கோயிலை வெச்சுத்தான் பங்காளி வழி சொல்லுவோம். இளையாத்தங்குடின்னேன். "அட, எங்க அம்மா பொறந்த வீடும் அதான்!" அங்கதான் விழுந்தேன். ஒரு துளி கெமிக்கல் கிடையாதாம், ஆறு மாசம் வெளியிலயே வைக்கலாமாம். வெயில்ல காஞ்ச உப்புக்கண்டம்னா சரி. சொதசொதன்னு இருக்கிற கறி எப்படி நிக்கும்னு கேக்கத் தோணலையே எனக்கு!

பார்சலைப் பிரிச்சா காளான் பாக்கெட் ரெண்டும் தலகாணி மாதிரி உப்பியிருக்கு. கத்திரி பட்டதும் புஸ்ஸுன்னு காத்து. கேட்டா, "கேஸ் அடைச்சுத்தான் அனுப்புவோம், சூடு பண்ணிச் சாப்பிடுங்க ஆச்சி." வாக்யூம்ல ஏதுங்க கேஸு? காளானைத் தூக்கிப் போட்டேன். உப்புக்கறி நல்லாத்தான் இருந்துச்சு, சூடு பண்ணிப் பரிமாறினேன்.

மூணு மணி நேரத்துல அப்பச்சிக்கும் (எங்க அப்பா) தம்பிக்கும் நிக்காத வாந்தி. ஆஸ்பத்திரியில டாக்டர் டார்ச் அடிச்சு, "இமை கனக்குதா? ரெண்டு ரெண்டா தெரியுதா? முழுங்க முடியுதா?"ன்னு திரும்பத் திரும்பக் கேட்டார். இவ்வளவு சீக்கிரம் வாந்தின்னா பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ்ங்கிற கிருமி கக்கின விஷம்தானாம், அது சூடு பண்ணினாலும் போகாது. அவர் பயந்தது பொட்டுலிசத்துக்கு, கிருமி விஷத்தால நரம்பு முடங்கிப் போற நோய். அந்தக் கிருமியோட வித்து கொதிக்கிற தண்ணியிலயும் சாகாது, பிரஷர்ல 121 டிகிரி வேணும். காத்துப் புகாத, புளிப்பில்லாத ஈரத்துல முளைச்சு விஷம் கக்கும். எண்ணெய்க்குள்ள கிடக்கிற பூண்டும் அதே கதைதான். பெரும்பாலும் 12லிருந்து 36 மணி நேரத்துல இமை தொங்கும், நாக்குக் குழறும், காய்ச்சல் இருக்காது. மூச்சுத் தசை வரைக்கும் போயிருமாம். ரெண்டு நாளா அப்பச்சி கண்ணையே பாத்துட்டு உக்காந்திருந்தேன்.

பணத்தைக் கேட்டா, முதல் நாள் "உங்க வீட்டுத் தண்ணி சரியில்லை போல." மறுநாள் "பாக்கெட்டைத் திருப்பி அனுப்புங்க, பாக்கலாம்." மூணாம் நாள் ஆச்சி மேடம் ஆயிட்டேன்: "வேற யாருமே சொல்லலையே மேடம்." அப்புறம் பிளாக். 7,850 ரூபாய்! ஆஸ்பத்திரிச் செலவு தனி.

லேபிள்ல இருக்கிற உணவு உரிம எண்ணை எண்ணிப் பாருங்க, 14 இலக்கம் வேணும். இதுல 11. உப்பியிருந்தா வாயில வெச்சுப் பாக்காதீங்க. உப்பலைன்னாலும் வாசனையை நம்பாதீங்க. இமை தொங்கினா நேரா பெரிய ஆஸ்பத்திரி. முன்பணம் கொடுக்காதீங்க, எந்தக் கோயிலா இருந்தாலும்.

உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் போட்டாச்சு. பூண்டு பாட்டில் இரண்டாம்கட்டு மாடத்துல இருக்கு, "தொடாதீங்க"ன்னு சீட்டு ஒட்டி.